ஆடிக்கு முன் ஒரு வகுப்பு: அரசு இசைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் இசைக் கல்லூரி முதல்வர்களுக்கும் திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோயில் திருவிழா வாய்த்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு மேளம் பரணில்தான். உங்களிடம் நாதசுரமும் தவிலும் படிக்கிற, படித்து முடித்த பிள்ளைகளில் சிலர் அந்த மாதங்களில் தச்சுப் பட்டறைக்கும் கிரில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். "விரல் பத்திரம், மிஷின் பக்கம் போகாதே" என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை. வீட்டில் அரிசி இருப்பவனுக்குத்தான் அந்தப் புத்திமதி. ஆடி பிறப்பதற்கு முன் ஒவ்வொரு பள்ளியிலும் அரை நாள், மிஷினை எப்படித் தொடுவது என்று ஒரு செய்முறை வகுப்பு நடத்துங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

விரல் போனாலும் வாசித்தவர்கள் உண்டே என்று யாராவது பிளாக் சபாத் ராக் இசைக்குழுவின் கிடார் கலைஞர் டோனி ஐயோமியைக் காட்டுவார்கள். 1965இல் பர்மிங்காமில், தகடு வேலை செய்யும் ஆலையில் வலக்கை நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தவர் அவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் கூடு செய்து, மெல்லிய தந்திகளைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நாதசுரத்தில் அதற்கு வழியில்லை. ஏழு துளைக்கு மேல்கையில் மூன்று விரல், கீழ்க்கையில் சுண்டு விரலோடு நான்கு. துளையை அரையும் காலுமாகத் திறந்து மூடித்தான் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, பிறக்கிறது. அதற்கு உணர்ச்சியுள்ள விரல் சதை வேண்டும். சுண்டு விரல்தானே போச்சு என்று இங்கே ஆறுதல் சொல்ல முடியாது.

வகுப்பில் அதிக நேரம் நான்கு அங்குலக் கிரைண்டருக்குக் கொடுங்கள். ஊரில் கட்டிங் மிஷின் என்பார்கள். நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் வந்த மிஷினில் மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடை மாட்டுவதுதான் நம் பட்டறைகளின் பெரிய வியாதி. கணு வந்த இடத்தில் பல் கடித்துக்கொண்டால் மிஷின் துள்ளி அறுப்பவன் பக்கமே திரும்பும். சுவிட்சை ஓடும் நிலையிலேயே பிடித்து வைக்கும் லாக் பட்டனை அமுக்கி வைத்திருந்தால் கையை விட்டுப் போன பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு கெட்ட பழக்கம், டிஸ்க்கை மறைக்கும் கார்டை (பாதுகாப்பு மூடியை) கழற்றிவிட்டு ஐந்து அங்குல டிஸ்க்கைத் திணிப்பது. டிஸ்க்கின் மேல் அது தாங்கும் அதிகபட்ச சுற்று அச்சிடப்பட்டிருக்கும். மிஷினின் சுற்று அதைவிட அதிகம் என்றால் டிஸ்க் சிதறும். நடு வளையத்தில் காலாவதித் தேதி உண்டு; அதையும் பார்க்கச் சொல்லுங்கள். புது டிஸ்க்கை மாட்டியதும் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியம், பக்கக் கைப்பிடி. பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கையில் மிஷினும் மறு கையில் அறுக்கிற பொருளுமாக உட்காருகிறார்கள். பொருளைப் பிடித்த கைக்குத்தான் ஆபத்து. பொருளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடியில்) கடித்து வைத்து, இரண்டு கையும் மிஷினில் இருந்தால், பிளேடுக்கு எதிரே விரல் வருவதற்கே வழியில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் டிஸ்க் சில நொடி சுற்றும். அது நிற்கும் வரை கீழே வைக்கக் கூடாது. பிளேடு மாற்றும்போது சுவிட்ச் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

மேஜைக்கடியில் வட்ட ரம்பத்தைத் தலைகீழாகப் பொருத்திய உள்ளூர் அறுப்பு மேஜைகளில் மூடியும் இருக்காது, பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய பிளவுத் தகடும் இருக்காது. அந்தத் தகடு இல்லாவிட்டால் அறுபட்ட மரம் நெருங்கி வந்து பிளேடை இறுக்கிவிடும். உடனே மரம் உங்களை நோக்கிப் பாயும், அதை அழுத்திக்கொண்டிருந்த கை பிளேடில் விழும். மரத்துக்கு மேல் பிளேடு 5 மில்லிமீட்டருக்கு மிஞ்சித் தெரிய வேண்டாம். பிளேடுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கை போகவே கூடாது. கடைசித் துண்டைத் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். தோல் பட்டதும் 5 மில்லிசெகண்டுக்குள் நின்றுவிடும் ரம்பங்கள் அமெரிக்காவில் விற்கின்றன. நம் பட்டறைக்கு அவை வரும் வரை ஓர் அடி நீளக் கட்டைதான் கதி.

டிரில்லிங் மிஷினைத் தொட யாரும் பயப்படுவதில்லை. தவில் வளையத்தில் போல்ட்டுக்கு ஓட்டை போடும் வேலையைப் பாருங்கள். வளையத்தை இடக்கையில் பிடித்துக்கொண்டு 8 மில்லிமீட்டர் பிட்டை நேரே இறக்குவார்கள். பிட் மறுபக்கம் துளைத்து வெளிவரும் அந்தக் கணத்தில் இரும்பைக் கவ்வும். வளையம் பிட்டோடு சுழன்று விரலைக் கிழிக்கும். கீழே மரக்கட்டை, வளையத்தை அதோடு இறுக்க இரண்டு ஜி கிளாம்ப், முதலில் 3 மில்லிமீட்டர் பிட், முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைப்பது: நான்கே வேலைதான்.

கையைக் காக்கிறேன் என்று கையுறை போடுவதுதான் எங்களுக்குக் கவலை. டிரில், கடைசல், அறுப்பு மேஜை, மூன்றிலும் கையுறை கூடாது. துணியின் ஓர் இழை சிக்கினால் போதும், கீறலோடு போக வேண்டியது விரலோடு போகும். மோதிரம், காப்பு, மணிக்கட்டுக் கயிறு, தோளில் துண்டு எல்லாம் கழற்றப்பட வேண்டும். சபையில் போட்ட மோதிரத்தைக் கழற்ற மனம் வராதுதான். ஆனால் மோதிரம் எதிலாவது மாட்டி இழுத்தால் எலும்பை விட்டுவிட்டுத் தோலைச் சதையோடு உரித்துவிடும். அதைத் தைத்துச் சரிசெய்வது சுத்தமான வெட்டைவிடக் கடினம்.

கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் வெட்டாது, ஆனால் அதிரும். மாதக்கணக்கில் பிடித்தால் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். வேலை முடிந்த பின்னும் மரமரப்பு இருந்தால் அன்று தவிலைத் தொடாமலிருப்பதும், தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் காட்டுவதும் நல்லது.

விபத்து நடந்த பிறகு செய்ய வேண்டியதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்த வேண்டும். துண்டான விரலைச் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து வீணாகும். 108க்குச் சொல்லும்போதே துண்டான விரல் கைவசம் இருப்பதைச் சொல்ல வேண்டும். சாதாரண வெப்பத்தில் விரலுக்குச் சுமார் 12 மணி நேர அவகாசம். குளிரில் வைத்தால் அது கூடும். அதற்குள் கை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு 1971 முதல் இயங்குகிறது. உங்கள் மாவட்டத்துக்கு எது பக்கம் என்று இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

சின்ன வெட்டையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலின் இரு ஓரமும் உணர்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஒரு கணு மடங்கவில்லை என்றால் தசைநார் அறுந்திருக்கும். ஓர் ஓரம் மரத்திருந்தால் நரம்பு. பக்கத்துக் கிளினிக்கில் மேல்தோலை மட்டும் தைத்து அனுப்பினால் இரண்டும் உள்ளே அப்படியே கிடக்கும். மடக்கும் நாரைத் தைத்த பிறகு முழுப் பலத்தோடு வாசிக்கச் சுமார் 12 வாரம் ஆகும். அந்தப் பிள்ளைக்குத் தேர்வைத் தள்ளிவைக்க இடம் கொடுங்கள்.

வகுப்பெடுக்க ஆள் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊர் அரசு ஐடிஐயில் தச்சு, ஃபிட்டர் பிரிவு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு கடிதம் கொடுத்தால் மிஷினோடு வருவார்கள். பள்ளியில் வாங்கி வைக்க வேண்டியது நான்கு ஜி கிளாம்ப், ஒரு வைஸ், இரண்டு தள்ளுகட்டை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, சலைன், காஸ் துணி, ஜிப் வைத்த பைகள். பரதநாட்டியம், தேவாரம் படிக்கும் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். விடுமுறையில் அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

இப்படிக்கு,
கடைசல் பட்டறையிலும் மேளத்திலும் இருப்பவர்கள்