குட்டைப் பாதுகாப்புச் சங்கம்: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இந்த வருசத்தின் பெரிய செய்தி எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் திறக்கப்பட்டது. அறுபது வருசமாக நம் பெரியவர்கள் போராடிக் கேட்டது, அதைப் பார்க்காமலே பலர் போய்விட்டார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகும் வெள்ளத்தில் 1.5 டிஎம்சியை (150 கோடி கன அடி) ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலே ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிறார்கள். செலவு சுமார் 1,916 கோடி ரூபாய், மாநில அரசின் பணம்.

ஆனால் இந்தத் தண்ணீர் ஆற்றில் உபரி இருந்தால்தான் வரும். விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள், அதுவும் மின்சாரம் செலவழித்து. நம் ஊரில் பெய்கிற மழையோ பள்ளம் என்கிற ஓடை வழியாகத் தானாகவே குட்டைக்கு வந்து சேரும், வழி திறந்திருந்தால். குட்டை அடியில் வண்டல் இறுகிப்போனால் இந்த இரண்டு தண்ணீருமே கீழே இறங்காது, வெயிலில் வற்றும், போர்வெல்லில் நீர்மட்டம் ஒரு அடிகூட ஏறாது. குழாய் போட ஒருமுறை பணம் வந்தது, சரி. தூர்வாருவதற்கும் பள்ளத்தைப் பார்த்துக்கொள்வதற்கும் வருசா வருசம் பணம் வேண்டும், அதைத்தான் இந்த வருசம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி என்று 2024 ஜூலையில் அரசு மாற்றியது நமக்கு நல்லதாகப் போயிற்று. உறுப்பினர்கள் சொந்த டிராக்டரில் அள்ளித் தோட்டத்தில் கொட்டினார்கள். பள்ளத்துச் சீமைக்கருவேலத்தை நூறு நாள் வேலையில் ஓரளவு எடுத்தாயிற்று, மேற்குப் பக்கம் இன்னும் அடைத்தே கிடக்கிறது.

மத்திய அரசின் 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுப்பட்ட நிதி, அதாவது குறித்த வேலைகளுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டியது, அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கானது. அதிலிருந்து, மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் செறிவூட்டும் குழி அமைக்கச் சொல்லிக் கிராமசபையில் மனு கொடுத்தோம். 2025 சனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனதால், அவரிடம் மறுபடி கொடுத்திருக்கிறோம்.

அப்புறம், நம் மேட்டுக்குட்டை அத்திக்கடவு–அவிநாசித் திட்டப் பட்டியலிலேயே இல்லை. இரண்டாம் கட்டத்தில் அதைச் சேர்க்கக் கோரும் தீர்மானம் இன்று வைக்கப்படுகிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.