பதினோரு நாள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அப்பாவுக்கு இடது முழங்கால் இப்போது நன்றாக மடங்குகிறது. மாடிப்படி மட்டும் இன்னும் ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாயே, "அம்மா, நீ போற ஷெல்டர்ல குட்டிம்மாவுக்கு நல்லதா ஒரு நாய்க்குட்டி பார்த்து வை, பொங்கலுக்கு வரும்போது தூக்கிட்டுப் போயிடறோம்" என்று. சரிடா என்று வாய் சொல்லிவிட்டது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். எழுதி முடித்ததும் எதிர் வீட்டுப் பையனிடம் கொடுத்துப் படமெடுத்து உனக்கு வாட்ஸப்பில் போடச் சொல்வேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

குட்டி வேண்டாம்டா.

நாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. குட்டி வேண்டாம் என்கிறேன். குட்டிகளுக்கு என் சிபாரிசு தேவையே இல்லை. ஆவணியில் ஒருநாள் காலையில் கேட் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஐந்து குட்டிகள், ஐந்தும் பெட்டை. கடுவனைத் தூக்கிக்கொண்டு போக எவனாவது வருவான், பெட்டை என்றால் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். இதில் மட்டும் நம் ஜனங்கள் மாறவே மாட்டார்கள் போல. இரண்டு குட்டிகளுக்கு வரும்போதே பார்வோ, குட்டிகளைக் கொல்லும் குடல் நோய். ரத்தமும் நீருமாகப் போகும், அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது. என் சுண்டுவிரலைவிட மெல்லிய காலில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்று நாளில் இரண்டும் போய்விட்டன. மிச்சம் மூன்றையும் தனியாக வைத்துத் தேற்றி, தடுப்பூசி போட்டுப் படம் எடுத்துப் போட்டதும், ஒரே வாரத்தில் ஆள் வந்துவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

ஆனால் அதே கைகள் எட்டு மாதம் கழித்துத் திரும்பி வருவதையும் பார்க்கிறேன். அதற்குள் குட்டி வளர்ந்திருக்கும். செருப்பைக் கடித்திருக்கும், சோபாவைக் கிழித்திருக்கும், முதல் பருவம் வந்திருக்கும். "வீட்ல யாருக்கோ அலர்ஜி ஆன்ட்டி" என்பார்கள். இந்த ஊரில் எட்டு மாதம் கழித்து வரும் அலர்ஜி ஒன்று இருக்கிறது, எந்த டாக்டருக்கும் அது தெரியாது.

ஷெல்டர் என்றதும் தெரு நாய்களைப் பிடித்து அடைத்து வைக்கிற இடம் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது இல்லை. தெரு நாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காதில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். 2001-லிருந்து நாடு முழுக்க அதுதான் பொது விதி. அது தொடங்கியதே நம் சென்னையில்தான். கேப்டன் சுந்தரம் என்ற விமானி 1959-ல் ப்ளூ கிராஸ் என்ற பிராணி நலச் சங்கத்தை ஆரம்பித்தார். பிடித்துக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று அவர்கள் 1964-லேயே சொல்லிச் செய்தும் காட்டினார்கள். மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல். நாய் வண்டி வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் தெரு நாயை வீட்டுக்குள் ஒளித்து வைத்ததை அப்பா இன்னும் சொல்வார். அவர்கள் ஒளித்து வைத்த இடம் பாட்டியின் பூஜை அறையாம்.

ஆக, தெருவில் பிழைக்கத் தெரிந்தது தெருவுக்கே போய்விடுகிறது. ஷெல்டரில் தங்கிப்போவது தெருவில் பிழைக்க முடியாதவை. கண் போனது, வண்டி ஏறிப் பின்னங்கால் விழுந்துபோனது. அதைவிட அதிகம், ஒரு காலத்தில் வீட்டில் வளர்ந்தவை. கழுத்தில் பெல்ட் தடம் இன்னும் இருக்கும், "உக்காரு" என்றால் உட்காரும், "ஷேக் ஹேண்ட்" என்றால் காலை நீட்டும். இவற்றுக்கு ஹாரன் அடித்தால் ஒதுங்கத் தெரியாது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் போடச் சொல்லி, பத்துப் பதினோரு நாளில் அதைத் திருத்தியதல்லவா? அப்போது டிவியில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். இங்கே இருக்கிற இருநூற்றுச் சொச்சம் நாய்க்கு ஒரே ஒரு பையன் அண்டா வைத்துக் குருணையும் கோழிக்காலும் மஞ்சளும் போட்டுக் கிண்டுகிறான். பேசினவர்களில் ஒருவராவது வந்து அரை மணி நேரம் அந்தத் துடுப்பைப் பிடித்திருக்கலாம். சரி, அது நம் கதை இல்லை.

நம் கதைக்கு வருகிறேன். செம்பியை நீ பார்த்திருக்கிறாய். போன வருஷம் ஆனி மாதம் வீடியோ காலில் பேசும்போது என் பின்னால் ஒரு செம்பட்டை நாய் குறுக்கே போனது. "யாருதும்மா அது?" என்று கேட்டாய். "எதிர் வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிருக்காங்க, நாலு நாள் நம்ம வீட்ல" என்றேன். பொய் சொன்னேன். அது நம் நாய். ஷெல்டரில் ஆதார் நகல் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, நான் கூட்டிவந்த நாய்.

அதற்கு அப்போது ஆறு வயசு இருக்கும் என்றார் டாக்டர். ஒரு வெள்ளைக் காரில் வந்து கேட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், பக்கத்தில் அரை மூட்டை பெடிகிரி நாய்த் தீனியும் வைத்து. எவ்வளவு நல்ல மனசு பார். ஷெல்டர் வாசலில் ஆட்டோ வந்து நின்றால் எல்லா நாயும் ஒரே குரலில் கத்தும், காது போய்விடும். செம்பி மட்டும் எழுந்திருக்காது. கார் வந்தால்தான் எழுந்திருக்கும், அதுவும் வெள்ளைக் கார். கம்பி இடுக்கில் மூக்கை வைத்து, ஆள் இறங்கும்வரை நிற்கும். இறங்கினவரைப் பார்க்கும். அப்புறம் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். இதை நான்கு ஞாயிறு பார்த்தேன். ஐந்தாவது ஞாயிறு கூட்டிவந்துவிட்டேன். அப்பாவிடம் கேட்கவில்லை. அதுதான் முதல் தப்பு.

முதல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பால் சோறு வைத்தேன், ஈரல் வைத்தேன், கையில் வைத்து ஊட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் நாம் தூங்கின பிறகு தின்றிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டருகில் போய் நின்று மெல்லிய குரலில் ஊளை. மாடியில் குடியிருப்பவர் காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஹாலில் அப்பா நாற்காலிக்குக் கீழேயே ஒன்றுக்கு. ஒன்பதாம் நாள்தான் நான் அடுப்படியில் நிற்கும்போது வந்து என் புடவைக் கொசுவத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் தடி ஊன்றிக்கொண்டிருந்த சமயம். சுவரில் சாய்த்திருந்த தடியை எடுத்துத் தூக்கினார், ஊன்றுவதற்குத்தான். செம்பி மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. உடம்பெல்லாம் நடுங்குகிறது. அப்பாவுக்கு அது புரியவில்லை, "என்னடி ஆச்சு" என்று தடியோடேயே குனிந்தார். கையில் பல் பட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை, இரண்டு புள்ளி. ஆனால் ஊசி ஐந்து. அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 14, 28-ஆம் நாள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள், விளையாட்டில்லை என்றார் டாக்டர். அது சரியும்தான்.

அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்து செம்பியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். அப்பா விடச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன், பயந்துபோய். இறங்க மாட்டேன் என்று ஆட்டோ சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. டிரைவர்தான் தூக்கி இறக்கினார்.

அங்கே இருக்கிற பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அதை யாரோ கம்பால அடிச்சிருக்காங்கம்மா, எங்க துடைப்பத்தைப் பார்த்தாலே ஒண்டிக்கும். உங்ககிட்ட சொல்லியிருக்கணும், எங்க தப்பு" என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள். புது வீட்டுக்குப் போன நாய்க்கு மூன்று நாள் பயம் தெளிய, மூன்று வாரம் வீட்டு வழக்கம் பிடிபட, மூன்று மாதம் இது என் வீடு என்று நம்ப. எல்லா நாய்க்கும் கணக்கு சரியாக வராது, ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள். "பதினோரு நாள்னா அது இன்னும் வாயே திறந்திருக்காதேம்மா." வாயைத் திறக்காமலா கடித்தது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கொசுவத்தைக் கழற்றும்போதுதான் அவள் சொன்னது உறைத்தது.

அதற்குப் பிறகுதான் ஞாயிறு தவறாமல் போக ஆரம்பித்தேன். "அம்மாவுக்கு நல்ல பொழுதுபோக்கு" என்று நீ மருமகளிடம் சொன்னாயாம். பொழுதுபோக்கு இல்லை. போனால் செம்பி என்னைப் பார்க்காது. முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு படுத்திருக்கும். நான் கம்பிக்கு வெளியே பழைய பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன், பொறையை உடைத்து உள்ளே போட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். ஒன்பது வாரம் இப்படி. பத்தாவது வாரம் பொறையை என் விரலிலிருந்து எடுத்தது. பல் படாமல், உதட்டால்.

நீ பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன, சொல்கிறேன். கருப்பன் என்று ஒன்று, மூன்று வயசு, சாது. இரண்டு வருஷமாக இருக்கிறான். காரணம் வேறொன்றும் இல்லை, கருப்பு. போனில் படம் எடுத்தால் இரண்டு கண் மட்டும்தான் விழுகிறது, படத்தைப் பார்த்து வருகிறவர்கள் அவனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூன்று காலோடு ஒருவன் இருக்கிறான், நான்கு காலுள்ளவனைவிட வேகமாகச் சோற்றுக்கு வருவான். ராஜபாளையம் வேண்டும் என்று நீ காலேஜில் படிக்கும்போது அடம்பிடித்தாயே, அதுவும் இருக்கிறது, பால் வெள்ளையாக. பின்னால் நின்று கை தட்டினேன், திரும்பவில்லை. தரையை ஓங்கி மிதித்தேன், உடனே திரும்பியது. பிறவிச் செவிடு. அந்த இனத்து வெள்ளையில் அப்படிப் பிறப்பது உண்டாம். காவலுக்கு ஆகாது என்று கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள். அது உனக்கு வேண்டாம். ஏழாவது மாடியில் அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய், அதற்கு ஓட இடம் வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்து வைக்க மாட்டேன். ஒருநாள் முழுக்க வந்து உட்காருங்கள், மூன்று பேரும். குட்டிம்மாவிடம் சொல்லிக் கூட்டிவா, கத்தக்கூடாது, ஓடக்கூடாது, கண்ணுக்குள் பார்க்கக்கூடாது, தலையில் கை வைக்கக்கூடாது. ஆறு வயசுக்கு இதெல்லாம் புரியும், உனக்குப் புரிந்தால். அதற்கு முன்னால் வீட்டு ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. அசோசியேஷன்காரர் நாய் கூடாது, லிப்ட் கூடாது என்று சொன்னால் பயப்படாதே, அப்படித் தடை போட அவர்களுக்கு அதிகாரமில்லை என்று விலங்கு நல வாரியம் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. ஓனர் விஷயம் வேறு, அவரோடு சட்டம் பேச முடியாது. மருமகள் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போகிறாள், நீ ஐந்து நாளும். மத்தியானம் யார்? காலை ஐந்தரைக்கு யார் கீழே கூட்டிப்போவது? "பார்த்துக்கலாம்" என்று சொல்லாதே. நானும் அதைத்தான் சொன்னேன்.

இதற்குப் பதில் இல்லை என்றால் பொங்கலுக்குச் சும்மா வாருங்கள், கரும்பு தின்றுவிட்டுப் போங்கள். ஒரு மனத்தாங்கலும் இல்லை. பதினோரு நாள் வைத்திருந்து திருப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

செம்பியை உன் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. அதைக் கேட்க எனக்கே இன்னும் வாய் வரவில்லை. போன மாதத்திலிருந்து அப்பாவும் என்னோடு வருகிறார், பொறை பாக்கெட்டை அவர்தான் பிடித்துக்கொள்கிறார். கேட்டருகில் வந்ததும் தடியை ஆட்டோவிலேயே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே நடக்கிறார். நான் தோள் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். நேற்று பிசியோ பையனிடம், தடி இல்லாமல் வீட்டுக்குள் நடமாட இன்னும் எத்தனை நாளாகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில்தான் இருந்தேன், காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஒருவேளை நாய் கூட்டிப்போவதாகவே முடிவு செய்தால், காரில்தான் போக வேண்டும். கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பிருந்தே சோறு கூடாது, ஆம்பூர் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடும். வரும்போது நீங்கள் மூன்று பேரும் துடைத்த பழைய துண்டு ஒன்று எடுத்து வா. உங்கள் வாடை அதற்கு முன்கூட்டியே பழக வேண்டும், ஒரு ராத்திரி அதன் படுக்கையில் போட்டு வைப்பேன். துவைக்காத துண்டு. மருமகளிடம் இப்போதே சொல்லி வை, இல்லாவிட்டால் அவள் கம்ஃபர்ட் போட்டு அலசி, இஸ்திரியும் போட்டு மடித்து வைத்துவிடுவாள்.

அன்புடன்,
அம்மா