பிரிஸ்டல் கண்காட்சிக்கான அட்டைகள்

அன்புள்ள கயல்,

வெள்ளையரல்லாதவரை நடத்துநராகச் சேர்க்க மறுத்த பேருந்து நிறுவனத்துக்கு எதிராக, 1963இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் பற்றி நீ அனுப்பிய விளக்க அட்டைகளைப் படித்தேன். அவசரமாக மாற்ற வேண்டியது ஒரு சொல். 1963 செப்டம்பர் 17 அன்று வேலைக்குச் சேர்ந்த ரக்பீர் சிங்கை 'முதல் கறுப்பின நடத்துநர்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் சீக்கியர், 'வெள்ளையரல்லாத முதல் நடத்துநர்' என்று எழுது. ஜமைக்காவிலிருந்து வந்த கை பெய்லிக்கு நேர்காணலே மறுத்ததில் தொடங்கிய புறக்கணிப்பு, முதலில் ஒரு பஞ்சாபிக்குக் கதவைத் திறந்தது. அதைப் பூசி மெழுகாதே.

பழியைப் பேருந்து நிறுவனத்தின் மேல் மட்டும் போடுவதும் பிசகு. நிறவெறித் தடைக்கு ஆதரவான தீர்மானத்தை 1955இலேயே நிறைவேற்றியது தொழிற்சங்கத்தின் உள்ளூர்ப் பிரிவு. பிரிட்டனின் 1965 இன உறவுச் சட்டம் வேலைப் பாகுபாட்டைத் தொடவில்லை, 1968 சட்டம்தான் தொட்டது. அந்த அட்டையையும் திருத்து. தடை நீக்கம் அறிவிக்கப்பட்ட 1963 ஆகஸ்ட் 28, அமெரிக்காவில் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணி நாளும்கூட. அதற்காக லூதர் கிங் படத்தைப் பெரிதாக மாட்டினால் பிரிஸ்டல் போராட்டத்தை நடத்திய பால் ஸ்டீபன்சனும் ராய் ஹேக்கெட்டும் ஓவன் ஹென்றியும் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். சின்ன அட்டை போதும்.

அசல் செய்தித்தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டவே மாட்டாதே. மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது, வெளிச்சத்தில் பழுத்து நொறுங்கும். 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்ச அளவில் வைத்தாலும் சேதம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். மங்கல் விளக்கு வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. நகலை மாட்டி, அசலை அமிலமற்ற உறையில் பெட்டிக்குள் வை. செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம். பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

கம்பளிச் சீருடை கிடைத்தால் முதலில் அந்துப்பூச்சியைப் பார். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வை. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதே. ஒரு நாள் பொறு. இல்லாவிட்டால் ஈரம் துணியிலேயே படியும். மாட்டும்போது பஞ்சு சுற்றிய அகலத் தோள்மாட்டி வேண்டும், கம்பி மாட்டி தோள்பட்டையைக் கிழித்துவிடும்.

இன்னொன்று: யாராவது ஊர்வலப் படத்தைத் தந்தால், படம் அவர்களுடையது, பதிப்புரிமை எடுத்தவருடையதாகவோ பத்திரிகையுடையதாகவோ இருக்கும். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் அச்சுக்கு அனுப்பாதே. பெயர் குறிப்பதானால் படத்தின் பின்பக்கம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் மட்டும்.

அம்மா