எட்டுக்குப் பதினாறு இலவசமாம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

திருகோணமலை
ஞாயிறு மாலை

அன்பு மச்சான்,

மகளுக்கு மொறட்டுவையில் பொறியியல் கிடைத்த செய்தியை அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் உடனே காளி கோவிலில் ஒரு அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டார். எங்கள் கடை மேசையில் ஏறி இருந்து பழைய கீபோர்டுகளின் எழுத்துகளைக் கழற்றி விளையாடிய பிள்ளை இனிப் பொறியியல் பீடத்துக்குப் போகப்போகிறாள். மனம் நிறைந்துபோய் இருக்கிறது.

இங்கே எல்லோரும் சுகம். உவர்மலையில் நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மதிலை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள், வேப்பமரத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். கடையில் வேலைக்குக் குறைவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததிலிருந்து, பழைய மெஷினை வைத்திருப்பதா மாற்றுவதா என்று கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால் மகளுக்கு எந்த லப்டொப் வாங்கலாம் என்று நீ கேட்டிருக்கும் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனாலும் போனில் இரண்டு வரியில் சொல்லிவிட மனமில்லை. நான்கு வருடப் படிப்புக்கு வாங்கப்போகிற பொருள் அது.

நீ அனுப்பிய மூன்று விளம்பரப் படங்களையும் பெரிதாக்கி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் வாசித்தேன். மூன்றிலும் கொட்டை எழுத்தில் இருப்பது ரேம்தான், அதாவது வேலை நடக்கும்போது மெஷின் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். முதலாவதில் 8 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி இலவசம். இரண்டாவதில் 8 ஜிபிதான், ஆனால் பையும் மவுசும் சேர்த்து விலைக்கழிவு. மூன்றாவது, கொம்பனியிடமே சொல்லி நமக்கு வேண்டிய அளவு ரேமோடு செய்து எடுப்பது.

முதலாவதைப் பார்ப்போம். 16 ஜிபி என்ற எண்ணை விட, அந்த 16 உள்ளே எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். லப்டொப்பில் பெரும்பாலும் ரேம் போடும் இடம் இரண்டுதான். சிலவற்றில் ஒன்று போர்டோடு, அதாவது உள்ளே இருக்கும் பிரதான சுற்றுப்பலகையோடு, ஒட்டியிருக்கும், மற்றது திறந்திருக்கும். இன்னும் சிலவற்றில் இடமே இல்லை, எல்லாம் போர்டில் ஈயம் வைத்து ஒட்டியதுதான். எட்டும் எட்டுமாக இரண்டு கார்ட் போட்டிருந்தால் அது நல்ல 16. ஒரே 16 கார்டாகப் போட்டு மற்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தால் அதுவும் நல்லதுதான், பிறகு கூட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டில் எது என்று விளம்பரம் சொல்வதே இல்லை.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி லப்டொப்போடு வந்திருந்தான். ‘இரட்டிப்பு ரேம்’ சலுகையில் வாங்கியது, நான்குக்குப் பதில் எட்டு. இப்போது போதவில்லை, இன்னும் எட்டுப் போட்டுத் தாருங்கள் என்றான். திறந்து பார்த்தால் நான்கும் நான்கும், இரண்டு இடமும் நிரம்பியிருக்கிறது. 16 ஆக்குவதற்கு அவன் இலவசமாகப் பெற்ற கார்டையும் காசு கொடுத்து வாங்கிய கார்டையும் சேர்த்தே கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிய நான்கு ஜிபி கார்டை இன்று யார் விலை கொடுத்து எடுப்பார்கள்? விற்றவர்கள் பொய் சொல்லவில்லை, சொன்ன எட்டைத் தந்திருக்கிறார்கள். ஆனால் கையில் இருந்த சின்னக் கார்டுகளைத் தள்ளிவிட அந்தச் சலுகை அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது. எனக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

ஒரே கார்டா இரண்டா என்பதில் வேகமும் இருக்கிறது. டிடிஆர்4 3200 என்ற வகை ரேம் கார்ட் ஒன்று, கணக்குப்படி வினாடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு கார்ட் சோடியாக இருந்தால் 51.2. கடிதம் அடிக்கவும் இணையம் பார்க்கவும் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் படம் காட்டுவதற்கென்று தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத லப்டொப்பில் திரைக்கான வேலையும் அந்த ரேமைக் கொண்டுதான் நடக்கிறது. முப்பரிமாணப் படம் வரைகிற பிள்ளைக்கு அது கண்ணுக்கே தெரியும். புரொசசரோடு வரும் கிராபிக்ஸ், ரேமில் ஒரு பங்கைத் தனக்கென்று ஒதுக்கியும் வைத்துக்கொள்ளும், அதனால் 8 என்று வாங்கியதில் 7 சொச்சம்தான் கையில் நிற்கும். பொறியியலுக்கு 8 ஜிபி லப்டொப்பே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதில் இருக்கும் புரொசசர் றைசன் 5 7520யு. பெயரில் 7 இருப்பதால் புதியது என்று நினைப்பார்கள். 2022இல் வெளியானதுதான், ஆனால் உள்ளே இருக்கும் சென் 2 வடிவமைப்பு 2019ஆம் ஆண்டுக்குரியது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சிப் எல்பிடிடிஆர்5 வகை ரேமை மட்டும்தான் ஏற்கும். அந்தச் சிப் உள்ள லப்டொப்புகளில் ரேமைப் போர்டில் ஒட்டித்தான் விற்கிறார்கள். ஆகவே அந்த 8, லப்டொப்பின் ஆயுள் முழுக்க 8தான். பையையும் மவுசையும் பெரிதாகப் போட்டவர்கள் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

ஒட்டிய ரேம் எல்லாமே ஏமாற்று என்று நினைத்துவிடாதே. அது மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும், லப்டொப் மெலிதாக வரும், வேகமும் கூடுதலாக இருக்கலாம். இன்டெல் 2024இல் விட்ட கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் புரொசசரோடே சேர்ந்து வருகிறது, 16 அல்லது 32, அவ்வளவுதான். நல்ல சிப்தான் அது. ஆனால் ஒட்டிய ரேம் என்றால் நான்காம் வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

அதோடு எங்கள் ஊரின் கடற்காற்றையும் நான் கணக்கில் எடுப்பேன். திருக்கடலூர், மனையாவெளிப் பக்கத்திலிருந்து வரும் மெஷின்களில் ரேம் கார்டின் பல்லில் உப்புப் படிந்து, திரை வராமல் நிற்பது வழக்கமான வேலை. கழற்றி, அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் போட்டால் பல நேரம் வந்துவிடும். கார்டே பழுதென்றால் அதை மட்டும் மாற்றலாம். ஒட்டிய ரேம் பழுதென்றால் முழு போர்டையும் மாற்றச் சொல்வார்கள், அதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கலாம். நீங்கள் வவுனியாவில் இருப்பதால் உப்பு பிரச்சினை இல்லை. ஆனால் மொறட்டுவையும் கடற்கரை ஊர்தானே.

மூன்றாவது விஷயம், கொம்பனியிடமே ரேமைக் கூட்டி வாங்குவது. இதில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட உதாரணம் அப்பிள். அவர்களின் மக்புக் எயார் லப்டொப்பில் எட்டைப் பதினாறாக்க 200 டொலர் கேட்டார்கள். கடையில் அதே அளவு கார்ட் அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்த காலம் அது. ஆனால் அதில் கார்ட் போட முடியாதே, கேட்டதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். பிறகு 2024 ஒக்டோபர் இறுதியில் எயாரின் தொடக்க மொடலையே 16 ஜிபி ஆக்கினார்கள், விலையைக் கூட்டாமல். முதல் நாள் வரை 200 டொலருக்கு விற்ற ரேமை அடுத்த நாள் சும்மா கொடுக்க முடிந்ததென்றால், அந்த 200இல் எவ்வளவு ரேமின் விலை, எவ்வளவு நமக்கு வேறு வழி இல்லாததன் விலை என்று நீயே யோசித்துப் பார்.

இதெல்லாம் பார்த்துத்தான் நான் முன்பு எல்லோருக்கும் ஒன்றையே சொல்வேன்: சின்ன ரேமோடு வாங்கு, இடம் இருக்கிறதா என்று பார், பிறகு கடையில் கார்ட் வாங்கிப் போடு. இப்போது அதை அப்படியே சொல்ல முடியாது. 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினி நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்று மூன்று பேர்தான் உலகத்தின் பெரும்பகுதிக்குச் செய்கிறார்கள், அவர்களுக்கும் அந்தப் பக்கத்தில்தான் இலாபம். எங்கள் கடைகளில் எல்லாம் இருந்த தன் குரூஷியல் மார்க் ரேம் கார்டுகளை 2026 பெப்ரவரிக்குப் பிறகு சில்லறைச் சந்தைக்கு அனுப்புவதில்லை என்று மைக்ரோன் 2025 டிசம்பரில் அறிவித்தது.

ரேம் விலை இப்படி ஆடுவது புதிதும் அல்ல. 1993இல் ஜப்பானில் சிப்புக்கான பிசின் செய்யும் சுமிட்டோமோ தொழிற்சாலை வெடித்தபோது ஏறியது. 1999 முதல் 2002 வரை செய்பவர்களே கூடிப் பேசி விலையைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதற்காக அமெரிக்காவில் 2005இல் சம்சுங் 30 கோடி டொலர் தண்டம் கட்டியது. வாங்குகிற நமக்கு இதில் ஒரு விஷயம் உதவும். ரேம் மலிவான காலத்தில் ‘இலவச ரேம்’ சலுகை வந்தால் கொம்பனிக்கு அதில் பெரிய செலவில்லை, சும்மா எடுத்துக்கொள்ளலாம். விலை உச்சியில் இருக்கும்போது ரேமைச் சும்மா தருகிறார்கள் என்றால், வேறு எங்கே வெட்டினார்கள் என்று தேட வேண்டும்.

அப்படித் தேடித்தான் உன் முதலாவது விளம்பரத்தை இன்னொரு தரம் பார்த்தேன். ரேம் 16 ஆகியிருக்கிறது, சரி. ஆனால் அதே மொடலில் வழக்கமாக 512 ஜிபி வரும் எஸ்எஸ்டி, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் இடம், இதில் 256. திரையைப் பற்றி 15.6 அங்குலம் என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. திரையைப் பற்றிப் பேசாத விளம்பரம் என்றால் மங்கலான மலிவுத் திரையாக இருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்வேன். இதற்காக அதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. எஸ்எஸ்டியைப் பிறகு மாற்றலாம். திரையை மாற்றுவதுதான் பாடு. அதனால் கடைக்குப் போய், திரையைக் கண்ணால் பார்த்து, பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் மாறுகிறதா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்.

கடையில் லப்டொப்பை ஓடவிட்டுக் காட்டச் சொன்னால், கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்து. டாஸ்க் மனேஜர் வரும். பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் வேகமும், எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் கீழே இருக்கும். இரண்டில் ஒன்று என்றால் ஒரு இடம் காலி. கார்டின் வகை இருக்கும் இடத்தில் ‘ரோ ஒஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் ஒட்டிய ரேம், அங்கே பக்கத்தில் என்ன எண் காட்டினாலும் அதைப் பொருட்படுத்தாதே. இதைப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்காதே.

இன்னொன்று பில். சலுகையில் வரும் கூடுதல் ரேம் சில நேரம் கொம்பனி போட்டதாக இருக்காது, கடைக்காரர் வேறு மார்க் கார்ட் ஒன்றைச் செருகிக் கொடுப்பார். அதில் தவறில்லை, ஆனால் கொம்பனியின் வரண்டி அந்தக் கார்டைச் சேராது. அதற்கு எத்தனை வருடம், யார் பொறுப்பு, கடைக்காரர் லப்டொப்பைத் திறந்ததால் அதன் வரண்டிக்குப் பாதிப்பு வராதா என்பதை பில்லிலேயே எழுதி வாங்கு. விலையையும் இரண்டு விதமாகக் கேள்: காசுக்கு எவ்வளவு, கிரெடிட் கார்டில் தவணைக்கு எவ்வளவு. வட்டியில்லாத் தவணை என்று சொல்லிவிட்டுக் காசு விலையை விடக் கூட்டி வைத்திருந்தால், உன் இலவச ரேமுக்கு நீதான் காசு கட்டுகிறாய்.

தங்கச்சி போன் ஒன்றைப் பற்றியும் கேட்டிருந்தா. ‘8+8, மொத்தம் 16 ஜிபி ரேம்’ என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அதில் ரேம் எட்டுத்தான். மற்ற எட்டு, படம் சேமிக்கும் இடத்திலிருந்து எடுத்து ரேம் போல நடிக்க வைப்பது. சமையல் மேசையில் இடமில்லை என்று பாதிச் சாமான்களைப் பின்வளவுக் கொட்டிலில் வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் எடுப்பது போலத்தான். அந்தச் சேமிப்பிடம் ரேமை விடப் பல நூறு மடங்கு மெதுவாகத்தான் பதில் சொல்லும். போன் அவவுக்குப் பிடித்திருந்தால் 8 ஜிபி போன் என்ற விலைக்கு வாங்கலாம்.

சரி, முடிவாக நான் சொல்வது இது. இரண்டாவது வேண்டாம், விலை இன்னும் குறைந்தாலும் வேண்டாம். மூன்றாவதில் 16 போட்டு எடுக்க அவர்கள் கேட்கும் தொகை, ரேம் மலிவாக இருந்த காலத்தில் என்றால் அநியாயம், இன்றைய கடை விலையோடு பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதில் ரேம் ஒட்டியதா இல்லையா என்பதை விளம்பரத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஒட்டியதென்றால் 16க்குக் குறையாமல் எடு. முதலாவதில் அந்த 16 ஒரே கார்டாக இருந்து ஒரு இடம் காலியாக இருந்தால், திரையும் பிள்ளைக்குப் பிடித்தால், அதையே எடு. எட்டும் எட்டுமாக இருந்தாலும் எடுக்கலாம், நான்கு வருடத்துக்கு 16 அவளுக்குத் தாங்கும். பழைய ரேம் விலையில் வந்த கையிருப்பை விற்கத்தான் இந்தச் சலுகை என்றால் அது உனக்கு நல்லதே. அதற்காகப் பதறி ஓட வேண்டாம், வகுப்புத் தொடங்கி என்ன மென்பொருள் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாசாவுக்குப் போவதாக எழுதியிருந்தாய். போகும் நாளை முன்பே சொல், நான் கடையில்தான் இருப்பேன். லப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடு. காசு கொடுப்பதற்கு முன் போடு, நான் பார்த்துச் சொல்லும் வரை கொஞ்சம் பொறு.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். மகளை ஒரு தடவை இங்கே அனுப்பு, அம்மா பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்