மாத்திரை நிறம் மாறினால் மருந்தும் மாறிவிட்டதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை அதில்தான் வீட்டுக்கே வருகிறது, குறை சொல்ல மாட்டேன். போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட, சீட்டைக் காட்டி ஒரு கடையில் வாங்கியிருக்கிறார்கள். வழக்கமாகப் போடுவது வெள்ளை, கடையில் தந்தது இளமஞ்சள், அட்டையை வெட்டியதில் பெயரும் பாதிதான் இருந்தது. ஊர் திரும்பிய அம்மா இது வேறு ஏதோ புது மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்தே போட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் கணுக்கால் வீக்கம், எழுந்தால் தலைசுற்றல். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றை நிறுத்தச் சொன்னார். இரண்டுமே ஒரே மருந்து, அம்லோடிபின் 5 மில்லிகிராம்!

பிரஷரைக் குறைக்கிற மருந்து அந்த மாத்திரைக்குள் 5 மில்லிகிராம்தான், தனியாக எடுத்தால் விரலில் பிடிக்கக்கூட முடியாது. மீதியெல்லாம் செல்லுலோஸ், ஸ்டார்ச், கால்சியம் பாஸ்பேட், மெஷினில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட், சிலவற்றில் கொஞ்சம் சாயம். மாம்பழப் பெட்டியில் வைக்கோல் போடுகிறோமே, அந்த மாதிரி. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும், நிறமும் மாறும், உள்ளே பழம் அதேதான்.

அதற்காக வைக்கோல்தானே என்று விட்டுவிடவும் முடியாது. டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மருந்து தண்ணீரில் லேசில் கரையாது என்று அதோடு காரப்பொருள் சேர்க்கிறார்கள், அந்த மாத்திரை ஈரத்தை இழுக்கும், அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைத்தால் ஊறிப்போகும். மெட்டோப்ரோலால் மாதிரி பிரஷர் மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் எக்ஸ்எல், ஈஆர் என்று இருந்தால், மருந்தை நாள் முழுக்க மெல்ல மெல்ல விடுவதே இந்த மற்றப் பொருள்கள்தான். விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுத்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். அப்புறம், சிலவற்றில் லாக்டோஸ் இருக்கும், பால் அறவே சேராதவர்கள் கடையில் சொல்லி வாங்குவது நல்லது.

மருந்துக் கடைக்காரர்களே, அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தை வாங்குபவர் கையில் கொடுங்கள். காலை, ராத்திரி என்று கவரில் குறிக்கிற அதே பேனாவால் மருந்தின் பெயரையும் தமிழில் எழுதுங்கள், கம்பெனி வைத்த பெயரை இல்லை, 'அம்லோடிபின் 5' என்று. கம்பெனி மாறியிருந்தால், பழசுக்குப் பதில் இதுதான், இரண்டையும் போடாதீர்கள் என்று வாயால் ஒரு வார்த்தை. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்களையும் கேட்டுக்கொள்கிறேன், வேறு நிறத்தில் மாத்திரை வரும் மாதங்களில் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்