கணையத்துல இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்லை வளர்க்கிற விஞ்ஞானிகளுக்கு, டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிற பொண்ணோட அம்மா எழுதுறது

வணக்கம்.

என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. நேத்து ராத்திரி மூணு மணிக்கு அவ உடம்புல ஒட்டியிருக்கிற சுகர் சென்சார் கத்துச்சு, சுகர் 54க்கு இறங்கியிருந்துச்சு, எழுப்பி உக்கார வச்சு ஜூஸ் குடுத்து, கால் மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பார்த்து 92ன்னு வந்த அப்புறம்தான் படுத்தேன். அவ விரல் நுனியெல்லாம் கறுப்பு கறுப்பா புள்ளி.

இப்படி முழிச்சிருக்கிற ராத்திரியிலதான் உங்க வேலையைப் பத்தி படிக்கிறேன். 2014ல ஹார்வர்ட்ல டக்ளஸ் மெல்ட்டன் குழு, எந்த வகை செல்லாவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லுலேர்ந்து இன்சுலின் சுரக்கிற செல்லை கோடிக்கணக்குல வளர்த்துக் காட்டினாங்க, அவரோட ரெண்டு பிள்ளைங்களுக்கும் டைப் 1, அதனால இந்த மூணு மணி அவருக்கும் தெரியும். 2025ல வந்த ரிசல்ட்ல, ஈரலுக்குப் போற ரத்தக்குழாய் வழியா இந்த மாதிரி செல்லை முழு டோஸ் ஏத்தின 12 பேர்ல 10 பேர் ஒரு வருஷம் கழிச்சு இன்சுலினே போடலை. படிச்சுட்டு அழுதுட்டேன். இறந்தவங்க தானம் பண்ற கணையத்தை நம்பினா ஒருத்தருக்கே பல நேரம் ரெண்டு கணையம் வேணும், எத்தனை பேருக்குக் கிடைக்கும் சொல்லுங்க?

ஆனா ஏத்தின செல்லை உடம்பு அழிச்சிடாம இருக்க, அந்த 12 பேருமே எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து எடுக்கணும். அதே ஆய்வுல ஒருத்தர் பூஞ்சைத் தொற்றால வந்த மூளைக்காய்ச்சல்ல இறந்துபோனார். இன்சுலின் ஊசியை நிறுத்திட்டு அந்த மருந்தைக் குடுன்னா, ஸ்கூல்ல மாசம் ஒரு சளி பிடிச்சுட்டு வர்ற பிள்ளைக்கு நான் எப்படிக் குடுப்பேன்?

சொந்த செல்லுல செஞ்சா சரியாயிடும்னு சொல்றாங்க, ஆனா எங்க பிள்ளைங்க உடம்பு முதல்ல அழிச்சதே சொந்த பீட்டா செல்லைத்தானே. 2024ல சீனாவுல சொந்த செல் வச்ச அந்தப் பொண்ணு ஏற்கெனவே ஈரல் மாத்தினதுக்காக அதே மாதிரி மருந்து சாப்பிட்டுட்டு இருந்தவங்க, அதனால எங்க கேள்விக்கு அதுல பதில் இல்லை. 2025ல ஸ்வீடன்ல தானமா வந்த செல்லை உடம்போட எதிர்ப்பு சக்தி தாக்காத மாதிரி ஜீனை மாத்தி ஒருத்தர் முன்கை தசையில வச்சாங்க, மருந்தே இல்லாம அது உயிரோட இருந்து இன்சுலின் விட்டுச்சு, அளவு கம்மிதான், அவர் ஊசியும் நிக்கலை, இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வந்தது அங்கதான். அந்த வழியில ஸ்டெம் செல்லைக் கொண்டு போக உங்க ஆளையும் பணத்தையும் இறக்குங்க, ப்ளீஸ்.

அடுத்த ரிசல்ட் போடும்போது, ஊசி நின்னவங்க எத்தனை பேர்னு எழுதுற அதே வரியில மருந்தும் இல்லாம இருக்கிறவங்க எத்தனை பேர்னு எழுதுங்க. நான் முதல்ல அந்த நம்பரைத்தான் தேடுவேன்.