சனிக்கிழமை நெட்வொர்க் வேலை: வெள்ளியே கணினியை அணைத்துவிடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸில் நம் போர்ட் லூயி அலுவலகத்தில் கேபிள் மாற்றும் வேலையைத் தைப்பூசக் காவடி விடுமுறைக்கு வைத்திருந்தார்கள். கட்டடம் காலியாக இருக்குமாம்! நம்மில் பாதிப் பேர் அன்று கோவிலில் நிற்போமே என்றதும் இந்தச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போதிருக்கும் நெட்வொர்க் கேபிள் கேட் 5இ (Cat 5e) என்ற தரம், நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்துக்கானது. புதிது கேட் 6ஏ (Cat 6A), 100 மீட்டர் நீளம் வரை 10 ஜிகாபிட் வேகம் தாங்கும். கேட் 6 மலிவுதான், ஆனால் அந்த வேகம் 55 மீட்டரைத் தாண்டாது. நம் நீள வராந்தாவுக்கு எப்படிப் போதும்?

வெள்ளி மாலை கணினி, பிரிண்டர் எல்லாவற்றையும் அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மேசைக்கடியில் கிடக்கும் செருப்பு, டிபன் டப்பாக்களையும் எடுத்துவிடுங்கள். திங்கள் காலை பிரிண்டர் முரண்டு பிடித்தால் அதன் ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) கை வைக்காமல் எனக்கு எழுதுங்கள்.